வண்டியின் அடியில் யார் பார்ப்பது?

20 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க இப்போது 10,000 ரூபாய் கட்டணம். 2022 மார்ச் வரை இதே வேலைக்கு 600 ரூபாய்தான் வாங்கினார்கள். அந்த ஏப்ரலில் 15 வயது தாண்டிய கார்களுக்கு 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 தாண்டியவற்றுக்கு அதையும் இரட்டிப்பாக்கிவிட்டார்கள். என்னிடம் இருப்பது 2002 மாடல் மாருதி 800. ஓய்வூதியம் வருகிறது, கட்டிவிடலாம். எனக்குப் பிடிபடாதது அந்தக் கணக்குதான். வயது ஏறினால் கட்டணம் ஏறுகிறது. வண்டி ஒழுகுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, அடியில் ஏதாவது கழன்று தொங்குகிறதா என்பதற்கும் அந்தத் தொகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதியைச் சுற்றி வரும். பெரிய தேருக்கு என்ன வயது என்று பார்த்து யாரும் ரசீது போடுவதில்லை. திருவிழாவுக்கு முன்னால் அச்சு, சக்கரம், மரச்சட்டம் என்று அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறார்கள். 2024-ல் பெரிய தேரைப் பழுது பார்த்து, நவம்பரில் வெள்ளோட்டம் விட்டு, அப்புறம்தான் தேரோட்டத்துக்கு வடம் பிடித்தார்கள். வயதான வண்டியை நடத்தும் முறை அதுதான். காருக்கும் அதையே செய்யுங்கள் என்கிறேன். முதலில் சொந்தக்காரர் குனிந்து பார்க்கட்டும், பிறகு அரசு பார்க்கட்டும்.

சொந்தக்காரர்களை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். போளூர் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் பழைய கார்கள் நிறைய. சான்ட்ரோ, இண்டிகா, ஆம்னி, ஒரு அம்பாசடர்கூட இருக்கிறது. பாதிப்பேர் என்னிடம் படித்த பிள்ளைகள் அல்லது அவர்களுடைய அப்பாக்கள். "டீச்சர், வண்டில சவுண்டு வருதுங்க" என்பார்கள். எங்கேயிருந்து என்று கேட்டால், "அடியிலேர்ந்து" என்பார்கள். எப்போது வருகிறது என்றால், "எப்பவுமே வருதுங்க." இந்த மூன்று பதிலோடு ஒருவர் ஒர்க் ஷாப்புக்குப் போனால் மெக்கானிக் என்ன செய்வார்? எல்லாவற்றையும் கழற்றுவார். கழற்றியதை எல்லாம் மாற்றுவார். பில் வந்த பிறகு அவரைத் திட்டி என்ன பயன்?

ஒழுகலில் இருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம். வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, ராத்திரி வண்டியை நிறுத்தியதும் அடியில் தள்ளிவிடுங்கள். முன் டயர் இரண்டும் எங்கே நிற்கின்றன என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அட்டையை இழுத்துப் பார்த்தால் எங்கே சொட்டியது, என்ன நிறம், எவ்வளவு என்று மூன்றும் எழுதி வைத்த மாதிரி இருக்கும்.

இடது பக்கம் முன்னால் உட்காருகிறவரின் காலடிக்கு நேர் கீழே தெளிந்த தண்ணீர் என்றால் அது ஏசி தண்ணீர், விட்டுவிடுங்கள். வெயில் நாளில் ஏசி போட்டும் அங்கே சொட்டவில்லை என்றால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் உள்ளே கார்ப்பெட்டை நனைத்துக்கொண்டிருக்கும். பச்சையோ சிவப்போ, தொட்டால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் லேசான இனிப்பு வாடை என்றால் கூலண்ட். தெரு நாயும் பூனையும் அதை நக்கும், அவற்றுக்கு அது விஷம், உடனே கழுவிவிடுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. அவர்களுக்கு நிறம் துருப்பழுப்பாக இருக்கும். உப்புத் தண்ணீர் உள்ளே செய்கிற வேலை அது. பழுப்பு அல்லது கறுப்பு, வழுவழுப்பு என்றால் எஞ்சின் ஆயில். அதைவிடக் கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாகி, வெளிர் மஞ்சளில் தண்ணியாக ஏதாவது இருந்தால் பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மற்ற எல்லா ஒழுகலுக்கும் அவகாசம் உண்டு, இதற்கும் பெட்ரோலுக்கும் கிடையாது.

எஞ்சின் ஆயில் விஷயத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது. சொட்டும் இடம் ஒன்று, ஒழுகும் இடம் வேறு. மேலே டேப்பட் கவர் பேக்கிங் காய்ந்து விரிந்திருக்கும். எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, எஞ்சினும் கியர் பாக்சும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். அங்கே சொட்டுவதைப் பார்த்ததும் "கிராங்க் சீல் போச்சு, கியர் பாக்ஸ் எறக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி எங்கே, ஒரு ரப்பர் பேக்கிங்கின் விலை எங்கே? நனைந்திருப்பதிலேயே உயரமான, முன்னால் இருக்கிற இடத்தைத் தேடுங்கள். அதுதான் ஊற்று.

எல்லாமே எண்ணெயும் மண்ணுமாக அப்பிக் கிடந்தால் எதுவும் தெரியாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பழைய துணியில் கொஞ்சம் டீசல் தொட்டுத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிடும். பவுடர் இல்லாத வீட்டில் ஒருவர் திருநீறு தூவினார். அண்ணாமலையார் ஊரில் அதற்கு என்ன குறை, வேலை செய்தது.

எல்லா ஈரமும் பழுதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழைய எஞ்சின் கொஞ்சம் வியர்க்கும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை வைத்திருக்கிறவர்களைப் பாருங்கள். காலையில் டிப் ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்காமல் கிளம்ப மாட்டார்கள். ஒழுகலோடு வாழத் தெரிந்தவர்கள். அளவு குறையாமல் வெறும் ஈரம் மட்டும் இருந்தால் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். அட்டையில் பொட்டு வட்டமாகி, வட்டம் தட்டளவு ஆனால் செலவு செய்ய வேண்டியதுதான்.

ஆனால் "நம்ம வண்டி, நம்ம ஆயில், யாருக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டார். அவருக்குக் கிரிவலப் பாதையை நினைவுபடுத்தினேன். 14 கிலோமீட்டர், பெரும்பாலோர் வெறுங்காலில் நடக்கிறார்கள். அதில் ஒரு பகுதி செங்கம் சாலை. பஸ்ஸும் லாரியும் காரும் நாள் முழுக்க ஓடுகிற சாலை. பௌர்ணமிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், முந்தின நாள் சொட்டியது அங்கேயேதான் கிடக்கும். முதல் மழையில் அதே எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து இரு சக்கர வண்டியைச் சறுக்கி விடும்.

பெட்ரோல் ஒழுகலுக்கு இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்கு வைத்திருந்த இலக்கை 2025-க்கு முன்னால் இழுத்துக்கொண்டார்கள். என் வண்டி செய்யப்பட்ட காலத்தில் அதன் ரப்பர் குழாய்களுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் சொல்லவில்லை. சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம், அது மலிவான வேலைதான் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. மலிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எந்தக் குழாய், எங்கே இருக்கிறது, வெடிப்பு விட்டால் எப்படி இருக்கும் என்று பங்கில் ஒரு பலகையாவது வைத்தார்களா? டாங்கில் இருந்து முன்னால் வரும் இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும், ஃபில்டருக்கு அருகிலும் ரப்பர் இணைப்புகள் இருக்கும். விரலால் மடக்கிப் பாருங்கள். மேலே நுண்ணிய வெடிப்போ, ஊறிப்போய்க் கொழகொழப்போ இருந்தால் வாசம் வரும்வரை காத்திருக்காதீர்கள். பெட்ரோல் காற்றில் பறந்துவிடும், அட்டையில் பொட்டே இருக்காது. காலையில் கதவைத் திறந்ததும் வருகிற வாடை ஒன்றுதான் தடயம். இந்த வேலை செய்யும்போது பக்கத்தில் பீடி, ஊதுபத்தி எதுவும் கூடாது.

இனி சத்தம். இது கொஞ்சம் பொறுமை கேட்கும், எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். டிக்கியில் உருளும் தண்ணீர் பாட்டில், கோயிலில் உடைக்க வாங்கி மறந்த தேங்காய், கிளிப்பில் மாட்டாத ஜாக்கி, அதன் கம்பி, இறுக்காத ஸ்டெப்னி. எத்தனையோ "சஸ்பென்ஷன் சவுண்டு" இதோடு முடிந்துவிடும். அப்புறமும் வந்தால், பிள்ளைகளுக்குச் சோதனைச் சாலையில் சொன்னதையே சொல்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது வருகிறதா? வேகம் கூடினால் கூடுகிறதா? மேட்டில் ஏறினால் மட்டுமா? திரும்பும்போதா, பிரேக் போடும்போதா? ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் பிறகு உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

நின்ற இடத்தில் தகரம் அதிர்கிற மாதிரி சத்தம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் சைலன்சர் குழாய்க்கு மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. துருப்பிடித்து போல்ட் ஓட்டை பெரிதாகி, தகடு ஆடும். எங்கள் தெருத் தம்பி ஒருவனுக்கு ஒரு ஒர்க் ஷாப்பில் இதே சத்தத்துக்கு முன்பக்க சஸ்பென்ஷன் முழுவதும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "நிக்கும்போது ஷாக் அப்சார்பர் எதுக்குடா சத்தம் போடுது?" என்று கேட்டேன். சிரித்தான். எஞ்சின் ஆறிய பிறகு கைமுட்டியால் சைலன்சரை நெடுகத் தட்டிக்கொண்டே போனோம். நடுவில் ஓரிடத்தில் அதே சத்தம் வந்தது. குழாயையும் தகட்டையும் சுற்றி ஒரு பெரிய ஹோஸ் கிளிப்பை இறுக்கினோம், முடிந்தது. ஓடி வந்த சைலன்சரில் மட்டும் கை வைக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். அதே தட்டலில் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் பாருங்கள். ஒன்று அறுந்தாலும் குழாய் ஆடி பாடியில் இடிக்கும்.

மேடு பள்ளத்தில் மட்டும் வரும் சத்தத்துக்கு எங்கள் ஊரில் சோதனைக் களத்துக்குப் பஞ்சமில்லை. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும், அதில் தெரியாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும் சாலை ஓர மேடாகப் பார்த்து மெதுவாக ஓட்டுங்கள். இடது, வலது தெரிந்துவிடும். அதே இடத்தில் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஏறுங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேடு ஆடுகிறது, சஸ்பென்ஷன் இல்லை. கிளம்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஒற்றை "டொக்" என்றால் புஷ். மாருதி 800-ல் முன்னால் குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் கம்பிதான் சக்கரத்தை முன்பின் நகராமல் பிடித்தும் வைத்திருக்கிறது. அதன் புஷ் தேய்ந்தால் டொக்கென்று இடிப்பதோடு பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இது தெரியாமல் வீல் அலைன்மென்ட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல வட்டம் அடியுங்கள். "டக் டக் டக்" என்று சக்கர வேகத்துக்கு ஏற்ப வந்தால் ஆக்சில் ஜாயின்ட். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா, மடிப்பு மடிப்பான ரப்பர் பூட்டு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த அன்றே பூட்டை மாற்றினால் சின்னச் செலவு. மண் உள்ளே போன பிறகு ஜாயின்ட்டே போய்விடும். திண்டிவனம் சாலையில் வேகமாகப் போகும்போது விமானம் மாதிரி ஒரு ரீங்காரம், இடது வளைவில் கூடுகிறது என்றால் பாரம் வாங்கும் வலது பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

எந்தப் பக்கம் என்றே தெரியவில்லையா? கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமான காம்பவுண்டு சுவர் ஓரமாக ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கம் என்று காட்டிக் கொடுக்கும். மாட வீதியை ஒட்டிய சந்துகள் இதற்கு அருமை, காலை ஆறு மணிக்கு முன்னால் போனால்.

இதுவரை சொன்னதில் ஒன்றுக்கும் காருக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. பெட்ரோல் குழாய்க்கும் சைலன்சருக்கும் உடம்பை உள்ளே விடாமல் ஓரத்தில் இருந்து கை எட்டும் வரை போதும். எட்டாததற்கு வாட்டர் சர்வீஸ் செய்கிற இடத்தில் ராம்ப்பிலோ லிஃப்டிலோ ஏற்றச் சொல்லி, டார்ச்சோடு நின்று பாருங்கள். கொஞ்சம் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள். வீட்டில் ஜாக்கி போட்டு உள்ளே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அதை நம்பித் தலையை உள்ளே விடக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை அடியில் வைப்பது அதைவிட மோசம், அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். போகத்தான் வேண்டும் என்றால் சமதளமான சிமெண்டுத் தரை, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, பாரம் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டு. இவை இல்லாவிட்டால் ஒர்க் ஷாப்புக்கே போங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, வெளியே நின்றபடி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம்; ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ. இடமும் வலமும் பிடித்து ஆட்டி, அப்போது ஆடினால் டை ராடு எண்ட். இதுவரைக்கும் ஜாக்கி போதும்.

இந்தத் தாளோடு ஒர்க் ஷாப்புக்குப் போகிறவரை மெக்கானிக்குகள் மதிக்கிறார்கள், எரிச்சல் படுவதில்லை. நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

அரசிடம் கேட்பதும் இதே தாளைத்தான். பதிவைப் புதுப்பிக்கும்போது பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஸ்டியரிங் இணைப்புகள், புஷ், துரு, ஒழுகல் என்று ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வண்டிக்காரர் கையில் கொடுக்கட்டும். தேறிய வண்டிக்குக் கட்டணம் குறைவு, தேறாததைச் சரி செய்து வா என்று சொல்லட்டும். கழிவுக்குப் போக வேண்டிய வண்டி அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும், அதைக் காப்பாற்ற நான் வாதாடவில்லை. 2021-ல் தொடங்கிய பழைய வாகனக் கழிவுக் கொள்கைக்கும் அதுதான் நியாயமான வழி.

புதிய வண்டிகளையும் விடக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதுவரை தகுதிச் சான்றுக்காக யாரும் அதை அழைப்பதில்லை. எங்கள் தெருவிலேயே மோசமாக ஒழுகுவது என் மாருதியும் இல்லை, அந்த அம்பாசடரும் இல்லை. எட்டு வயதான ஒரு பெரிய டீசல் வண்டி. அது நிற்கும் இடத்தில் தரை கறுத்துக் கிடக்கிறது. சட்டப்படி இன்னும் ஏழு ஆண்டுக்கு அதற்கு அடியில் யாரும் பார்க்க வேண்டியதில்லை.